கைதியாக வந்த ராணி

அனைவருக்கும் வணக்கம்.

அரச குலத்துப் புனிதை என்றதும், தலையில் கிரீடமும் கையில் செங்கோலுமாக ஒரு சுரூபம்தான் நம் கண்முன் நிற்கும். நான் இன்று பேச வந்திருப்பது புனித ரதேகுந்தாவைப் பற்றி. அவர் அரண்மனைக்குள் நுழைந்ததே போர்க் கைதியாகத்தான்.

இன்றைய ஜெர்மனியின் நடுவில் இருந்த துரிங்கிய நாட்டை 531இல், இன்றைய பிரான்சை ஆண்ட பிராங்கு அரசர்கள் சூறையாடினார்கள். இளவரசி ரதேகுந்தா அப்போது சிறுமி. பிள்ளை யாருக்கு என்று வென்றவர்களுக்குள்ளேயே தகராறு. கடைசியில் அவர்களில் ஒருவனான குளோத்தார் அரசனின் பங்காக விழுந்தார். அவரைப் படிக்கவைத்து வளர்த்த அதே குளோத்தார், அப்புறம் மணமும் முடித்தான். அவனுக்கு மனைவியர் பலர். இரவில் ரதேகுந்தா எழுந்துபோய்த் தரையில் கிடந்து ஜெபிப்பார். மன்னன் கட்டிக்கொண்டது ராணியை அல்ல, ஒரு கன்னியாஸ்திரீயை என்று அரண்மனையில் பேசிக்கொண்டார்கள்.

அவருடன் சிறைப்பட்டு வந்த உடன்பிறந்தவனையும் குளோத்தார் கொல்லச் செய்தான். அதோடு சரி. ரதேகுந்தா நேரே ஆயர் மெதார்துவிடம் போனார். என்னைத் துறவியாக்குங்கள் என்றார். அரசனின் மனைவிக்கு முக்காடு போடுவதா? பிரபுக்கள் ஆயரைப் பீடத்திலிருந்தே பிடித்து இழுத்தார்கள். ஆயரும் தயங்கினார். ரதேகுந்தா பக்கத்து அறைக்குப் போய்த் தானே துறவாடையை உடுத்திக்கொண்டு வந்து நின்றார். "கடவுளைவிட மனிதருக்கு அஞ்சினால், இந்த ஆட்டின் ஆன்மாவுக்கு நீங்கள்தான் கணக்குச் சொல்ல வேண்டும்" என்றார். ஆயரால் அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. ரதேகுந்தா தம் தங்கக் கச்சையை ஏழைகளுக்கென்று உடைத்துக் கொடுத்துவிட்டார்.

அதன்பின் பிரான்சின் புவாத்தியே நகரில் அவருடைய மடம் எழுந்தது. கட்ட உதவியது யார் தெரியுமா? அதே குளோத்தார். மனச்சாட்சி உறுத்தியதோ என்னவோ! ரதேகுந்தா மடத்தலைவி ஆகவில்லை. தாம் வளர்த்த ஆக்னஸை அந்த இடத்தில் அமர்த்திவிட்டு, தாம் பாத்திரம் கழுவினார், சகோதரிகள் தூங்கும்போது அவர்களுடைய காலணிகளைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்தார். அங்கே பின்பற்றிய ஒழுங்கு, ஆர்ல் நகர ஆயர் சேசாரியுஸ் எழுதியது. அதன்படி கன்னியர் எல்லோரும் எழுத்துப் படித்தாக வேண்டும். ஆறாம் நூற்றாண்டில் இது! எனக்கு ரதேகுந்தாவின் அற்புதங்களைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. அங்கே படித்த பௌதோனிவியா என்ற கன்னியாஸ்திரீயே பின்னாளில் ரதேகுந்தாவின் வரலாற்றை எழுதினார்.

569இல் கீழை ரோமப் பேரரசர் இரண்டாம் யுஸ்தின் கான்ஸ்தாந்திநோபிளிலிருந்து ரதேகுந்தாவின் மடத்துக்கு, இயேசு அறையப்பட்ட திருச்சிலுவையின் துண்டு என்று போற்றப்பட்ட ஒன்றை அனுப்பினார். உள்ளூர் ஆயர் மரோவேயுஸ் அதை வரவேற்க மறுத்துவிட்டார். ஆனால் அதற்காகக் கவிஞர் ஃபோர்துனாத்துஸ் பாடிய லத்தீன் பாடல் ‘வெக்சில்லா ரேஜிஸ்’ இன்றும் புனித வாரத்தில் ஒலிக்கிறது.

587 ஆகஸ்ட் 13இல் ரதேகுந்தா இறந்தார். மரோவேயுஸ் அதற்கும் வரவில்லை. தூர் நகர ஆயர் கிரகோரிதான் வந்து அடக்கம் செய்தார். கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வரக் கூடாது என்பது ஒழுங்கு. மதிலுக்குக் கீழே சவப்பெட்டி போனபோது, மேலே ஜன்னல்களிலும் மதில்மேலும் நின்றபடியே அவர்கள் கதறி அழுதார்கள்.