வளையும் ஒளியும் நம் பிள்ளைகளும்
(பினாங்கில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்க விழா ஒன்றில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் டத்தோ அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, பட்டர்வொர்த்திலிருந்து பாலத்து நெரிசலைக் கடந்து வந்திருக்கும் சங்கப் பொறுப்பாளர்களே, பிள்ளைகளே, வணக்கம். மண்டபத்தோடு சாப்பாட்டுச் செலவையும் டத்தோ ஏற்றுக்கொண்டார். அதற்கு நன்றி சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது முறையல்ல.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். வானியலாளர் பிரியம்வதா நடராஜன், ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் கரும்பொருள், யூக்ளிட் விண்தொலைநோக்கி.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். பிரியம்வதா கோயம்புத்தூரில் பிறந்து டில்லியில் வளர்ந்தவர். பள்ளி மாணவியாக இருந்தபோதே, நேரு கோளரங்க இயக்குநர் நிருபமா ராகவனின் வழிகாட்டலில், டில்லி வானத்தை வரைந்து காட்டும் கணினி நிரலை எழுதினார். இன்று யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளை, அது ஒளியை வளைப்பதை வைத்தே அளக்கிறார்.

ஒளி வளையுமா? வளையும். கோடானுகோடி நட்சத்திரங்கள் கூடிய விண்மீன் மண்டலத்தின் நிறை தன்னைச் சுற்றியுள்ள வெளியையே வளைக்கிறது. அதனால் பின்னால் இருக்கும் ஒரு பொருள் இரண்டாக, நான்காகத் தெரியும். ஒரு நட்சத்திரம் இப்படிச் செய்வதை நேரில் காண வழியில்லை என்று 1936-இல் ஐன்ஸ்டைன் எழுதினார். மண்டலங்களைப் பாருங்கள், தெரியும் என்று அடுத்த ஆண்டே சொன்னார் வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி. 1979-இல் ஒரே குவேசார், அதாவது மிகத் தொலைவில் பேரொளி வீசும் ஒரு மண்டலத்தின் மையம், இரட்டையாகத் தெரிந்தது. ஸ்விக்கி சொன்னது பலித்தது.

இந்தக் கதையைக் கேளுங்கள். 2014 நவம்பரில் ஹபிள் விண்தொலைநோக்கி எடுத்த படத்தில், ஒரு மண்டலத்தைச் சுற்றி நான்கு புள்ளிகள். நான்கும் ஒரே நட்சத்திரத்தின் வெடிப்பு! அந்த ஒளி புறப்பட்டு சுமார் 930 கோடி ஆண்டு ஆகிறது. ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். இன்னொரு பாதையில் வரும் ஒளி இன்னும் வழியில்தான் இருக்கிறது, ஓராண்டு வாக்கில் வந்து சேரும், இந்த இடத்தில் தெரியும் என்று முன்கூட்டியே எழுதி வெளியிட்டார்கள். தவறினால் உலகமே பார்க்கும். ஹபிள் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்தது. ஒன்றுமில்லை. 2015 டிசம்பர் 11-இல் எடுத்த படத்தில், சொன்ன இடத்தில், அதே வெடிப்பு! கைதட்டலாம், பிள்ளைகளா. அறிவியல் வாக்குக் கொடுத்துக் காப்பாற்றிய நாள் அது.

கரும்பொருள் பற்றி ஒன்று மட்டும். மண்டலக் கூட்டங்களுக்குள் ஒளியை வளைக்கும் சிறு ஈர்ப்பு லென்ஸ்கள், கரும்பொருளை வைத்துப் போட்ட கணினிக் கணிப்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வலுவாக இருப்பதை 2020-இல் பிரியம்வதாவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள். ஏன் என்பது விடை தேடும் கேள்வி. அந்த விடை நம் பள்ளியிலிருந்து ஏன் வரக்கூடாது?

அப்புறம், நான் ஊர் ஊராகக் கேட்டு வருவது இதுதான். நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு தொலைநோக்கி வேண்டும். சிறியது போதும். நிலாவின் குழிகளும் வியாழனின் நான்கு நிலவுகளும் பளிச்சென்று தெரியும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? எட்டு வயதுப் பிள்ளை குனிந்து அந்தக் குழாயில் கண் வைக்கட்டும்.

செலவா? விழாக்களில் மாலை, பொன்னாடைக்கு ஒதுக்குவதை ஓராண்டு இதற்குக் கொடுங்கள். எனக்கு இன்று பொன்னாடை வேண்டாம் என்று செயலாளரிடம் முன்பே சொல்லிவிட்டேன், அவரும் ஒப்புக்கொண்டார். ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கில் மழை குறைவு, அதற்குள் வாங்கிவிட வேண்டும்.

யூக்ளிட் பற்றிப் பேச நேரமில்லை, டத்தோ மணியைப் பார்க்கிறார். வாசல் மேசையில் ஒரு தாள் இருக்கிறது. பள்ளியின் பெயரும், பொறுப்பெடுக்கும் ஆசிரியரின் பெயரும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.