பழி ஓரிடம்: அமெரிக்கச் சிற்றூர்களின் தூக்குமேடைகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நான் சொல்ல எண்ணியிருந்தவற்றுள் பாதியை எனக்கு முன்பே, என்னைவிட நன்றாகச் சொல்லி அமர்ந்துவிட்ட ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, ஓயாத பணிகளுக்கிடையே வந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் நகர்மன்றத் தலைவி அம்மையார் அவர்களே, இக்கூடத்தைக் கட்டணமின்றித் தந்துதவிய நூலகர் அவர்களே, மரண தண்டனை ஒழிப்புக்காகத் தெருத்தெருவாகக் கையொப்பம் திரட்டிவரும் இளைய தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய பொன்னாடையை அந்தத் தோழர்களிடமே கொடுத்துவிட்டேன். விற்றால் இன்னும் சில நூறு படிவங்கள் அச்சிடலாம்.

‘பழி ஓரிடம், பாவம் ஓரிடம்’ என்பது என் பாட்டியின் வாயில் நாள்தோறும் புழங்கிய பழமொழி. என் பேச்சைக் கேட்டுப் பழகியவர்கள் அது எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். இன்று தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அமெரிக்கக் கிராமப்புறங்களில் பொது இடத்தில் நிறைவேற்றப்பட்ட தூக்குத் தண்டனைகளைப் பற்றி, நியூ இங்கிலாந்தின் பிரசங்கங்கள், ஆர்கன்சாவின் ஃபோர்ட் ஸ்மித் நீதிமன்றம், கென்டக்கியின் கடைசிப் பொதுத் தூக்கு என மூன்று செய்திகளைச் சொல்ல விழைகிறேன்.

தொடக்க காலத்தில் தூக்குநாள் என்பது ஒரு சமயச் சடங்கு. நியூ இங்கிலாந்து மாநிலங்களுள் ஒன்றான கனெக்டிகட்டின் நியூ லண்டனில் 1786 டிசம்பர் 20 அன்று ஹன்னா ஒகுயிஷ் என்ற 12 வயதுச் சிறுமி, பீக்வாட் பழங்குடித் தாய்க்குப் பிறந்தவள், கொலைக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டாள். அதையொட்டி ஹென்றி சானிங் நிகழ்த்திய பிரசங்கம் பின்னர் அச்சாகி வெளிவந்தது. பென்சில்வேனியா 1834-இலும் நியூயார்க் 1835-இலும் தூக்குமேடையைச் சிறைச்சுவருக்குள் கொண்டுசென்றன. தெற்கிலும் மேற்கிலும் மாவட்டத் தலைநகரங்களின் திறந்த வெளியிலேயே அது இன்னும் பல பத்தாண்டுகள் நின்றது. ஃபோர்ட் ஸ்மித்தில் நீதிபதி ஐசக் பார்க்கர் விதித்த தண்டனைப்படி 1875 செப்டம்பர் 3 அன்று ஒரே மேடையில் 6 பேர் தூக்கிலிடப்பட்டபோது 5,000-க்கும் மேற்பட்டோர் கூடினார்கள். அந்த நீதிமன்றத்தைப் பற்றித் தனியே ஓர் உரை நிகழ்த்தலாம். நேரத்தைக் கருதிக் கென்டக்கிக்கு வருகிறேன்.

ஒஹையோ ஆற்றங்கரையில், புகையிலை வயல்கள் சூழ்ந்த ஊர் ஓவன்ஸ்பரோ. 1936 ஜூன் மாதம் அங்கே 70 வயது மூதாட்டி ஒருவர் தம் வீட்டிலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். கொடிய குற்றம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ரெய்னி பெத்தியா என்ற கறுப்பின இளைஞர் கைதானார். கொலைக்காகத் தண்டித்தால் எடிவில் சிறைக்குள் மின்நாற்காலி; பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டித்தால், 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாவட்டத் தலைநகரிலேயே ஊரறியத் தூக்கு. அரசு வழக்கறிஞர் கொலையை விட்டுவிட்டு வன்கொடுமைக் குற்றத்தை மட்டும் சுமத்தினார். வெள்ளையரே நிரம்பிய நடுவர் குழுவுக்கு முடிவெடுக்க ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

தண்டனையை நிறைவேற்ற வேண்டிய ஷெரிஃப், அதாவது மாவட்டச் சட்ட அமலாக்க அதிகாரி, ஃபுளோரன்ஸ் தாம்ப்சன் என்ற பெண்மணி. நான்கு குழந்தைகளின் தாய்; அவ்வாண்டு ஏப்ரலில் இறந்த கணவரின் பதவிக்கு வந்தவர். பெண்ணொருத்தி தூக்கிலிடப்போகிறாள் என்ற செய்தி பரவியதும் பெருநகரப் பத்திரிகையாளர்கள் ஓடிவந்தார்கள். லூயிவில்லின் முன்னாள் காவலர் ஆர்தர் ஹாஷ், விசையை இழுக்கத் தாமே முன்வந்தார். கயிறும் கணக்கும் பார்த்துக்கொள்ள இல்லினாய் விவசாயி ஃபில் ஹன்னா வந்தார். ஏறத்தாழ 70 தூக்குகளை மேற்பார்வையிட்டும் ஒருமுறைகூடத் தாமே விசையை இழுக்காதவர், கூலியும் வாங்காதவர்.

ஆகஸ்ட் 14 விடியலில் சுமார் 20,000 பேர், ஏறக்குறைய அவ்வூரின் மக்கள்தொகைக்கு நிகரான கூட்டம், கூரைகளிலும் கம்பங்களிலும்கூட ஏறி நின்றது. பெத்தியா மேடைப் படியடியில் காலணிகளைக் கழற்றிவிட்டுப் புதிய காலுறைகளை அணிந்துகொண்டு ஏறினார். வெண்ணிற உடையில், வெண்ணிறத் தொப்பியுடன் வந்திருந்த ஹாஷ் குடிபோதையில் இருந்தார். கயிறு மாட்டி முடிந்ததும் ஹன்னா சைகை காட்டினார், ஹாஷ் அசையவில்லை. “செய்!” என்று கத்தினார், அப்போதும் அசையவில்லை. பக்கத்தில் நின்ற துணை ஷெரிஃப் ஒருவர் விசைமீது சாய்ந்தார், பலகை திறந்தது. ஷெரிஃப் அம்மையார் சற்றுத் தொலைவில் காருக்குள் உட்கார்ந்திருந்தார்.

இதில் தூக்கிலிட்டவர் யார்? இதைத்தான் பாட்டி பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்றார். பத்திரிகைகள் ஊராரைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதின. ஊராரோ பத்திரிகைகள் மிகைப்படுத்துகின்றன என்றார்கள். கென்டக்கி அந்தச் சட்டப்பிரிவை 1938-இல் நீக்கியது. மரண தண்டனையை நீக்கவில்லை. கூட்டத்தை விலக்கியதோடு சீர்திருத்தம் முடிந்தது. நாம் கேட்பது கூட்டத்தை விலக்குவதன்று, கயிற்றையே விலக்குவது. சுவருக்குள் நடப்பதால் நம் கைகளில் அது இல்லை என்று எண்ணுவது, காருக்குள் உட்கார்ந்திருப்பதைப் போன்றதுதான். படிவங்கள் வாசலருகே மேசையில் உள்ளன, பேனாவும் உண்டு.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு அமர்கிறேன். தம் உடலைத் தென் கரோலினாவில் இருந்த சகோதரிக்கு அனுப்ப வேண்டும் என்று பெத்தியா விரும்பியிருந்தார். 20,000 பேர் பார்க்க இறந்தவரை ஓவன்ஸ்பரோவிலேயே, ஆதரவற்றோருக்கான குழியொன்றில் புதைத்தார்கள்.