எல்லாக் கொப்புளமும் அக்கி அல்ல

நேயர்களுக்கு வணக்கம்.

உடம்பில் நாலு நீர்க்கொப்புளம் கிளம்பினால் போதும், நம் சேலத்துப் பக்கம் அதற்கு 'அக்கி' என்று பெயர் வைத்துவிடுவோம். காவியைக் குழைத்து எழுதவும் கிளம்பிவிடுவோம். அக்கி என்பது சின்னம்மைக் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து மறுபடி தலைதூக்குவது. கொப்புளம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அந்த இடம் வலிக்கும், எரியும். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகப் படரும். நடுக்கோட்டைத் தாண்டுவது அபூர்வம். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் அந்தக் கிருமியை அடக்கும் மாத்திரை தொடங்கினால்தான் முழுப் பலன். காவி காய்வதற்குள் அந்த நேரம் போய்விடுகிறது.

அக்கி என்று நாம் நினைப்பதில் பல, ஒவ்வாத பொருள் தோலில் பட்டு வரும் ஒவ்வாமைக் கொப்புளம். இதில் வலியைவிட அரிப்புதான் முன்னே நிற்கும். முதலில் தோல் சிவந்து தடிக்கும். பிறகு கடுகு கடுகாய் நீர்க்குமிழிகள் எழும்பும், சில ஒன்றுசேர்ந்து பெரிதாகும், உடைந்து நீர் கசியும். ஒவ்வாத பொருள் பட்ட இடத்தின் வடிவத்தை அது அப்படியே காட்டும். செருப்பு வார் போட்ட கோடு, கவரிங் சங்கிலி உரசிய கழுத்து, பிளாஸ்திரி ஒட்டிய சதுரம், தலைச்சாயம் வழிந்த நெற்றியும் காதோரமும் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கொப்புளத்தைப் பார்த்ததும் "நேத்து என்ன சாப்பிட்டே?" என்று கேட்பதுதான் வழக்கம். கேட்க வேண்டியது "முந்தாநாள் எதைத் தொட்டே?" என்பதுதான். இந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்தே தோலில் தெரியும். உணவு ஒவ்வாமையில் பொதுவாக வருவது நீரில்லாத தடிப்பு. அது இங்கே மறைந்து அங்கே கிளம்பும்; ஒரு தடிப்பு ஒரே இடத்தில் ஒரு நாளுக்கு மேல் நிற்காது. சந்தேகமிருந்தால் பேனாவால் சுற்றி வட்டம் போட்டு மறுநாள் பாருங்கள். வட்டத்துக்குள்ளேயே இருந்தால், கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்திப் பயனில்லை.

மாங்காய்க் காலத்தில் காம்பு கிள்ளும்போது பீய்ச்சும் பாலும், சேராங்கொட்டையும், முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயும் ஒரே குடும்பம். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மல்கோவாவைத் தோலோடு கடித்துத் தின்பவருக்கு உதட்டைச் சுற்றிக் கொப்புளம் வருவது இதனால்தான். தோலைச் சீவிவிட்டுத் தின்றால் பலருக்கு ஒன்றும் செய்யாது. ஏற்காட்டுத் தோட்டங்களில் மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரத்தைக் கவாத்து செய்பவர்களுக்கும் அந்த மரத்தின் சாறும் தூளும் இதேபோல் செய்யும். பட்டவுடன், பத்து நிமிடத்துக்குள், சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கத்தியையும் சட்டையையும் கழுவாமல் விட்டால் அடுத்த வாரம் மறுபடி வரும். கொப்புள நீர் பட்டுப் பரவுகிறது என்பது தவறான எண்ணம். குறைவாகப் பட்ட இடத்தில் தாமதமாக எழும்பும், அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும் எறும்பு போன்ற சிறு பூச்சி ஒன்று உண்டு. ஆரஞ்சும் கறுப்புமாய்ப் பட்டை போட்டிருக்கும். அதை நசுக்கினால் கோடு இழுத்ததுபோல் எரிச்சலோடு கொப்புளம் வரும். அது ஒவ்வாமையே அல்ல, பூச்சியின் நச்சு. மேலே உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதிவிடுங்கள்.

ஒவ்வாமைக் கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து 15 நிமிடம், நாளுக்கு மூன்று நாலு தடவை போட்டாலே அரிப்பு அடங்கும். பற்பசை, சுண்ணாம்பு வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சில களிம்புகளில் உள்ள நியோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தே புது ஒவ்வாமையைக் கிளப்பும். தேன் நிறப் பொருக்கும் சீழும் வந்தால் கிருமி புகுந்துவிட்டது என்று பொருள்.

புது மாத்திரை தொடங்கிய நாலு வாரத்துக்குள் காய்ச்சலோடு வாய், கண்ணில் புண் வந்து, தோல் தொட்டாலே வலித்தால், அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வலிப்பு மாத்திரை, சல்ஃபா வகைக் கிருமிக்கொல்லி மாத்திரை, யூரிக் அமிலத்துக்கான அல்லோபூரினால் ஆகியவை இப்படிச் செய்வதில் முன்வரிசை. மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று உறுதிசெய்ய, கொப்புளம் ஆறிய பிறகு சந்தேகப்படும் பொருள்களைச் சிறிதளவு முதுகில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை செய்வார்கள். ஒட்டியது 48 மணி நேரம் நனையாமல் இருக்க வேண்டும். எடுத்ததும் ஒருமுறை, ஓரிரு நாள் கழித்து மறுமுறை பார்ப்பார்கள். ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் ஒரே வாரத்தில் மூன்று தடவை மலை இறங்க வேண்டியிருக்கும். தோட்ட வேலை குறைவான வாரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.