‘க்ரிக்?’ என்பது யாரைக் கூப்பிடும் குரல்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். புலம்பெயர்ந்த கறுப்பின எழுத்தாளர்களின் கதை பெரிதும் செய்வது எதிர்ப்பா, ஆற்றுதலா என்பது தலைப்பு. ஆற்றுதலே என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர் ‘எதிர்ப்பு, எதிர்ப்பு’ என்று மேசையைத் தட்டியதில் என் தண்ணீர்க் குவளை இரண்டு முறை தள்ளாடியது. கோபம் அவருக்கு நன்றாகவே வருகிறது.

கரீபியக் கடலில் உள்ள ஹெய்ட்டி நாட்டில் கதைசொல்லி முதலில் ‘க்ரிக்?’ என்று கேட்பார். சுற்றியிருப்பவர்கள் ‘க்ராக்!’ என்று குரல் கொடுத்தால்தான் கதை நகரும். அங்கே பிறந்து, 12 வயதில் நியூயார்க்கின் புரூக்ளினுக்குப் போன எட்விட்ஜ் டான்டிகாட், 1995இல் வந்த தம் சிறுகதைத் தொகுப்புக்கு இந்த அழைப்பையே பெயராக வைத்தார். எதிரியைப் பார்த்து யாராவது ‘க்ரிக்?’ என்பார்களா?

நண்பர் 1937 படுகொலையை எடுத்துவைத்தார். ஹெய்ட்டியை ஒட்டிய டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரி த்ருஹியோவின் படையினர் ஹெய்ட்டியர்களை ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். கொத்தமல்லி போன்ற பார்ஸ்லி தழையைக் காட்டி அதன் பெயரைக் கேட்பார்களாம். அந்தப் பெயரில் வரும் ஸ்பானிய ‘ர’ நாக்கில் புரளாவிட்டால் சாவு. இதை வைத்து டான்டிகாட் நாவல் எழுதியது 1998இல். த்ருஹியோ சுடப்பட்டுச் செத்தது 1961இல். செத்தவனோடு மல்லுக்கட்டவா நாவல்? பெயர்கூடப் பதிவாகாமல் போனவர்களுக்காக அழ ஓர் இடம் வேண்டியிருந்தது, நடுவர் அவர்களே.

டான்டிகாட்டை வளர்த்த பெரியப்பா ஜோசப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் ஒரு போதகர். தொண்டைப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையில் குரலை இழந்தார். சிறுமி எட்விட்ஜ் அவருடைய உதட்டசைவைப் படித்து, அவர் சொல்வதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வாள். பிறகு கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று கிடைத்தது. 2004இல், 81 வயதில், உயிருக்குப் பயந்து மயாமிக்கு வந்து அடைக்கலம் கேட்டார். காவலில் வைத்தார்கள். சில நாட்களில் காவலிலேயே இறந்தார்.

இது எதிர்ப்புக்குரியதுதானே என்பார் நண்பர். ஆமாம். அதனால்தான் 2007இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று டான்டிகாட் சாட்சியம் சொன்னார். எதிர்க்க வேண்டிய இடத்தில் நேராகவே எதிர்த்தார். அதற்குக் கதை தேவைப்படவில்லை. அதே ஆண்டு வந்த நினைவுக் குறிப்பு நூல் வேறு வேலை செய்கிறது. பெரியப்பாவின் சாவுக்குப் பக்கத்திலேயே நுரையீரல் நோயில் தேய்ந்துகொண்டிருந்த அப்பாவும், வயிற்றில் வளரும் குழந்தையும் அதில் இருக்கிறார்கள். உதட்டைப் படித்த சிறுமிதான் இன்னும் அவருக்காகப் பேசுகிறாள்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடல் பிரித்துவைத்த அண்ணன் ஜோசப்பும் தம்பியான அப்பாவும் கடைசியில் குவீன்ஸில் ஒரே கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார்கள். அந்தப் பக்கங்களில் நண்பர் எதிர்ப்பைத் தேடிக்கொண்டிருக்கட்டும். நான் அமர்கிறேன்.