இம்ப்ளாண்ட் பல்லுக்கு எந்த பேஸ்ட் நல்லது? மன்னார்குடி நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். மன்னார்குடியிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். அவருடைய கணவருக்குக் கீழ்க் கடைவாயில் இம்ப்ளாண்ட், அதாவது எலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து அதன்மேல் பொருத்தும் செயற்கைப் பல், வைத்திருக்கிறார்கள். "டைட்டானியத்தில் சொத்தை விழாது என்று சொல்லிக்கொண்டு, பழையபடி பல்பொடியைத் தொட்டு விரலால்தான் தேய்க்கிறார். எந்த பேஸ்ட் வாங்கித் தரலாம்? பொங்கலுக்குக் கரும்பு கடிக்கலாமா?" இதைப் படித்ததிலிருந்து அந்த ஐயாவின் நினைப்பாகவே இருக்கிறது.

சொத்தை விழாது என்பது உண்மைதான் ஐயா. ஆனால் அதைச் சுற்றி இருப்பது உங்கள் ஈறு, உங்கள் எலும்பு. அவை டைட்டானியம் இல்லையே!

ஈறு நோய் பற்றி முன்பு பேசியதைக் கேட்டவர்களுக்கு நினைவிருக்கும். சொந்தப் பல்லின் வேரில் நார்கள் ஊன்றி நின்று ஈறை இழுத்துப் பிடித்திருக்கும். இம்ப்ளாண்ட்டில் எலும்பு உலோகத்தோடு இறுகிவிடும். ஸ்வீடன் நாட்டு பெர்-இங்வார் பிரோனமார்க் 1950களில் முயல் எலும்பில் இதைக் கவனித்து, 1965இல் ஒரு மனிதருக்குப் பொருத்தினார். ஆனால் ஈறு அப்படி இறுகுவதில்லை, சும்மா அணைத்துக்கொண்டு நிற்கிறது. அங்கே அழுக்குப்படலம் தங்கினால் கிருமி எளிதாகக் கீழே இறங்கிவிடும். வரப்புக்குள் எலி வளை போட்ட மாதிரி. மேலே புல் பச்சையாக இருக்கும், தண்ணீர் வடிந்த பிறகுதான் தெரியும்.

அதனால், அம்மா, பேஸ்ட்டை விட இடுக்கைப் பற்றித்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். சொரசொரப்பில்லாத சாதாரண பேஸ்ட் எதுவும் போதும். பல்பொடி, உமிக்கரி, உப்பு வேண்டாம். கீறல் விழும், கீறலில் அழுக்கு பிடிக்கும். மென்மையான பிரஷ், காலையும் இரவும். அதோடு இடுக்கு பிரஷ் ஒன்று வாங்குங்கள். பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் வடிவத்தில் மிகச் சிறியதாக இருக்கும். நடுக்கம்பி பிளாஸ்டிக் பூசியதாக இருக்க வேண்டும், வெறும் கம்பி உரசும். அளவைப் பல் மருத்துவரே பார்த்துச் சொல்லட்டும். பிடித்தமாக நுழைய வேண்டும், திணிக்கக் கூடாது. நூல் போட்டுச் சுத்தம் செய்பவர்கள் கவனம்: ஈறு இறங்கித் திருகு தெரிகிற இடத்தில் நூல் பிரிந்து சிக்கினால் அதுவே புண்ணாக்கும். தண்ணீர் பீய்ச்சும் கருவி நல்ல துணைதான், பிரஷ்ஷுக்கு மாற்று இல்லை. ஊக்கும் ஈர்க்குச்சியும் கூடவே கூடாது.

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். கொழுந்து வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு இல்லாமல் அவருக்குச் சாப்பாடு முடியாது. அவருக்கும் இம்ப்ளாண்ட்தான். கன்னத்துப் பக்கம் அந்தப் பல் பளபளவென்று இருந்தது. நாக்குப் பக்கமாகச் சின்ன பிரஷ்ஷை விட்டு எடுத்தேன். பாக்குத் துணுக்கு இரண்டு, பிரஷ் நுனியில் ரத்தம், கூடவே வாடை. "வலிக்கவே இல்லையே டாக்டர்!" என்றார். அதுதான் எனக்குக் கவலை. அங்கே வலி பெரும்பாலும் கடைசியில்தான் வரும். முதலில் வருவது ரத்தம். ஈறு மட்டும் வீங்கியிருக்கும்போது பிடித்துவிட்டால் திரும்பச் சரியாகும். எலும்பு கரைந்துவிட்டால் முழுதாக மீட்பது கடினம். அவருக்கு எலும்பு நன்றாக இருந்தது. சுத்தம் செய்துவிட்டு, நாக்குப் பக்கம் பிரஷ் விடக் கற்றுக்கொடுத்தேன். ரத்தம் நின்றது. வெற்றிலையோடு போடும் புகையிலையை விடச் சொல்லியிருக்கிறேன், இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் புகைப்பவர்களும் இதைவிடக் கவனமாக இருக்க வேண்டும்.

வலிக்கவில்லை என்பதால் ஆறு மாதப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். திரும்பச் சொல்கிறேன்: வலியை எதிர்பார்க்காதீர்கள், ரத்தம் வருகிறதா என்று பாருங்கள். பல் ஆடினால் வீட்டில் பசை போட்டு ஒட்டாமல் உடனே போய்க் காட்டுங்கள். இம்ப்ளாண்ட்டின் மேலே பொருத்திய பல்லின் திருகு மட்டும் தளர்ந்திருந்தால் முறுக்கிச் சரிசெய்துவிடலாம்.

கரும்புக்கு வருகிறேன். சொந்தப் பல்லின் வேரைச் சுற்றியுள்ள நார்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்று நமக்குச் சொல்லும். இம்ப்ளாண்ட்டில் அது இல்லாததால் அளவு தெரியாமல் கடித்துவிடுவோம், மேல் உறை பெயர்ந்துவிடும். கணுவை நீக்கி, தோல் சீவி, சின்னத் துண்டாக நறுக்கிக் கொடுங்கள் அம்மா. அந்தப் பக்கம் இல்லாமல் மறுபக்கம் மெல்லட்டும். இரவில் அந்தச் சக்கை நார் இடுக்கில் நிற்கிறதா என்று பிரஷ் விட்டுப் பாருங்கள்.