ப்ளூக்ரான்ஸ் ஆற்றை எப்போது கடப்பது?

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் தென்கரையில், சிட்சிகம்மா காட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நடைபாதை ஓடுகிறது. ஆட்டர் டிரெயில், அதாவது நீர்நாய்ப் பாதை. 1968-இல் திறந்தார்கள். ஸ்டார்ம்ஸ் ஆற்று முகத்திலிருந்து மேற்கே நேச்சர்ஸ் வேலி வரை சுமார் 45 கிலோமீட்டர். 5 நாள், 4 இரவு. ஒரு நாளைக்கு 12 பேர்தான் புறப்படலாம்.

நான்காம் நாள் நடை மட்டும் ஏறக்குறைய 14 கிலோமீட்டர். அதில் பத்தாவது கிலோமீட்டரில் ப்ளூக்ரான்ஸ் ஆறு கடலில் விழுகிறது. பாலம் கிடையாது. அதனால் முன்பதிவு செய்யும்போதே, அந்த நான்காம் நாளுக்குக் கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துவிடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அந்தக் கரையில் காலை 9, 10 மணிவாக்கில் நன்றாக வற்றும். ஆனால் பாறையிலும் மேட்டிலும் மணிக்கு இரண்டு, இரண்டரை கிலோமீட்டர்தான் நடக்க முடியும். விடிவதற்கு வெகுமுன்பே, டார்ச் வெளிச்சத்தில் கிளம்ப வேண்டும். அட்டமி, நவமியில் வற்றம் பிற்பகலுக்குத் தள்ளிப்போகும். நிதானமாக நடக்கலாம், ஆனால் தண்ணீர் அவ்வளவு இறங்காது.

வற்றத்துக்கு அரை மணி முன்பே கரைக்கு வந்துவிடுங்கள். பையைப் பெரிய தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் இறக்கி, கொஞ்சம் காற்று விட்டு, வாயை முறுக்கி மடித்துக் கட்டினால் மிதக்கும். பாத்திரத்தின் விளிம்பு போன்ற கூரான எதுவும் உறையைக் குத்தக் கூடாது. சின்ன ஓட்டை போதும், படுக்கை முழுக்க நனைந்துவிடும். காலணியைக் கழற்றாதீர்கள், அடியில் பாறை கூர்மையானது. ஆற்று நீர் கொதித்த தேயிலைச் சாறு நிறத்தில் இருக்கும். அது அழுக்கில்லை, இலைதழைகளிலிருந்து ஊறும் துவர்ப்பு. ஆனால் அடி தெரியாது. கம்பால் ஆழம் பார்த்து அடியெடுத்து வையுங்கள்.

கரையில் கரிய உடலும் சிவந்த அலகும் சிவந்த கண்ணுமாக ஒரு பறவை கீச்சிட்டு உங்களையே சுற்றினால், அது கருஞ்சிப்பிபிடிப்பான். டிசம்பர், ஜனவரியில் கடல் ஏறும் வரம்புக்குச் சற்று மேலே, வெறும் மணலில் முட்டையிடும். புள்ளி போட்ட அந்த முட்டை கூழாங்கல்லோடு கலந்துவிடும், காலடியில் இருந்தாலும் தெரியாது. தயவுசெய்து வந்த வழியே பின்வாங்கி, ஈர மணலில் நடங்கள்.

மேலே மலையில் மழை கொட்டியிருந்தால், வற்றிய நேரத்திலும் ஆறு கடலை நோக்கி இழுக்கும். அப்போது நீச்சல் தெரிந்தவரும் இறங்கக் கூடாது. கிழக்குக் கரையிலேயே ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்துப் பலகை இருக்கிறது. மேலே ஏறி வெளியேறும் வழி அதுதான்.