அத்தை சொன்ன கிளைமாக்ஸ்

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம்.

சினிமாவைப் பற்றிப் பேச வரச் சொல்லி நூலகர் கூப்பிட்டபோது, ஆள் மாறிக் கூப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். நான் விமர்சனம் எழுதுகிறவள் இல்லை. தபால் ஆபீஸ் கவுன்டரில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து, ஸ்டாம்பும் பாஸ்புக்குமாகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள். டிக்கெட் எடுத்துப் படம் பார்ப்பேன், பார்த்ததை நாலு பேரிடம் சொல்வேன். அவ்வளவுதான் என் தகுதி. "அது போதும், அதைப் பற்றித்தான் பேசணும்" என்றார். சரி, வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் கவுன்டருக்கு வருகிறவர்கள் மணியார்டர் பாரத்தை நீட்டுவதற்கு முன்னால் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "மேடம், படம் பாத்தீங்களா? எப்படி?" நம் ஊரில் "சாப்டாச்சா?" மாதிரி அதுவும் ஒரு நலம் விசாரிப்புதான். பதிலும் கிட்டத்தட்ட மனப்பாடம். "பரவாயில்லை." "ஒரு தடவை பாக்கலாம்." இந்த ஒரு தடவைக் கணக்கு எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. யாரய்யா இரண்டு தடவை பார்க்கிறீர்கள்? (சிரிப்பு) அப்புறம், "ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் லேக்." இது என் தம்பியின் நிரந்தர வாக்கியம். இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நிற்கும்போதே குடும்ப வாட்ஸப்பில் பாதித் தீர்ப்பு வந்துவிடும். மீதி, வண்டியை பார்க்கிங்கிலிருந்து எடுக்கும்போது. "ஓடிடில வரட்டும், வெயிட் பண்ணுங்க." வழக்கு முடிந்தது.

இந்தப் பதில்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எல்லாமே காசைப் பற்றிய யோசனைகள். டிக்கெட் எடுக்கலாமா, வேண்டாமா, எத்தனை மணி நேரம் வீணாகும், குடும்பத்தோடு போனால் நெளிய வேண்டி வருமா. கேட்கிறவருக்கு உபயோகம்தான், மறுக்கவில்லை. ஆனால் திரையில் என்ன பார்த்தாய், எந்த இடத்தில் உனக்குத் தொண்டை அடைத்தது, எங்கே எரிச்சல் வந்தது என்று ஒரு வார்த்தைகூட அதில் கிடையாது. படம் பார்த்தவர் சொல்கிறாரா, தியேட்டர் வாசலில் செருப்பு விட்டவர் சொல்கிறாரா என்று வித்தியாசமே தெரியாது.

நான் படம் சொல்லக் கற்றுக்கொண்டது என் அத்தையிடம். நிலக்கோட்டைப் பக்கம், மல்லிகை பூமி. அப்போது எனக்கு ஒன்பது, பத்து வயசு இருக்கும். பக்கத்து ஊரில் டென்ட் கொட்டகை. சாயங்காலம் ஸ்பீக்கரில் பிள்ளையார் பாட்டு போட்டால், டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். அத்தை ஓட்டமும் நடையுமாகப் போவாள். தரை டிக்கெட். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடு கட்டி, அதன்மேல் உட்கார வேண்டியது. ஒரே ஒரு புரொஜெக்டர். ரீல் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஒரு படத்துக்கு மூன்று நாலு இடைவேளை. முறுக்கு விற்கிறவனுக்குத்தான் கொண்டாட்டம்.

எல்லாரும் போக முடியாது. வீட்டுக்கு ஒருத்தர் போனால் அதிகம். அதனால் மறுநாள் மத்தியானம் எங்கள் திண்ணையில் இன்னொரு காட்சி நடக்கும். நடுவில் ஈரத்துணி போர்த்திய மல்லி மொட்டுக் குவியல். சுற்றி ஆறேழு பெண்கள். மடியில் நனைத்த வாழைநார். அத்தை இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, டைட்டிலில் ஆரம்பித்து சுபம் வரைக்கும் சொல்வாள். பாட்டு வந்தால் பாடுவாள். வில்லன் வந்தால் குரல் மாறும். சண்டைக்காட்சியை மட்டும், "அடிச்சிக்கிட்டானுக" என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிடுவாள். கல்யாண வீடு வந்தால் கதாநாயகி கட்டியிருந்த புடவை நிறம், பார்டர், அவள் தலையில் இருந்த பூ நிஜப் பூவா காகிதப் பூவா என்பதுவரை விவரம் வரும். கதாநாயகி அழும் இடத்தில் அத்தையின் கை நின்றுவிடும். கை நின்றால் நாங்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்போம். "இருங்கடி" என்று மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி முடிச்சுப் போட ஆரம்பிப்பாள்.

அத்தை ஒருநாளும் "படம் நல்லா இருக்கு" என்று சொன்னதில்லை. கை எங்கே நின்றதோ, அதை வைத்து நாங்களே தெரிந்துகொண்டோம்.

இன்றைக்கு அத்தை இப்படி ஒரு பதிவு போட்டால் என்ன நடக்கும்? "ஸ்பாய்லர்! ஸ்பாய்லர்!" என்று துரத்தி அடிப்பார்கள். கதை தெரிந்துவிட்டால் படம் கெட்டுவிடும் என்கிற பயம் நம் ஆட்களுக்கு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ராமன் காட்டுக்குப் போவான் என்று தெரிந்துதானே விடிய விடியக் கூத்துப் பார்த்தோம். சரி, கொலை யார் செய்தது என்பது மாதிரி சங்கதிகளை மறைக்கலாம், நியாயம். அதற்காக ஒரு காட்சியைக்கூடச் சொல்லாமல் படத்தைப் பற்றிப் பேசு என்றால் மிச்சம் இருப்பது லேக்தான்.

அப்புறம் மார்க். ஆனந்த விகடன் நூற்றுக்கு மார்க் போட்டு நம்மையெல்லாம் பழக்கியது. 1977இல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு 62.5 மார்க் கொடுத்தார்கள். இன்றுவரை சினிமாப் பேச்சு எடுத்தால் யாராவது அதைச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். எனக்கு அந்த அறுபத்திரண்டில் ஆட்சேபணை இல்லை. அந்த அரை மார்க்தான் தூங்கவிடாது. எந்தக் காட்சிக்கு அந்த அரை? சப்பாணி வெற்றிலையை மென்றதற்கா, மயில் ரயிலடியில் நின்றதற்கா? ஆனாலும் அவர்கள் மார்க்குக்கு முன்னால் இரண்டு பக்கம் எழுதிவிட்டுத்தான் மார்க் போட்டார்கள். இப்போது மார்க் மட்டும் இருக்கிறது, பக்கம் காணாமல் போய்விட்டது. ஐந்துக்கு மூன்றே கால் ஸ்டாராம். மளிகைக் கடையில்கூடக் கால் கிலோவுக்குக் கீழே இழுத்துப் பிடிக்கமாட்டார்கள்.

இப்போது தியேட்டர் வாசலுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டில் பெரிய படங்களுக்கும் முதல் காட்சி காலை ஒன்பது மணிக்குத்தான் என்று ஆகிவிட்டது. 2023 பொங்கல் சமயத்தில், நள்ளிரவுக் காட்சிக் கொண்டாட்டத்தில் ஒரு ரசிகர் இறந்துபோன பிறகு வந்த கெடுபிடி அது. நல்லதுதான். ஆனால் கேரளாவில் விடிகாலையிலேயே காட்சி போட்டுவிடுகிறார்கள். கோயம்புத்தூர்ப் பையன்கள் பாலக்காட்டுக்கு வண்டி எடுத்துக்கொண்டு போய், நமக்கு இட்லி வேகும் நேரத்துக்குள் பார்த்து முடித்துவிடுகிறார்கள். ஆக, இங்கே பெயர் போடும்போதே படத்தின் தலையெழுத்தை யாரோ எழுதியிருப்பார்கள்.

ஒன்பது மணிக் காட்சி விட்டு வெளியே வந்தால் படிக்கட்டில் எட்டு மைக். ஒருமுறை என்னிடமும் நீட்டினார்கள். இருட்டிலிருந்து வெயிலுக்கு வந்த கண் கூசுகிறது. காலில் ஊசி குத்துகிற மாதிரி மரத்துப்போயிருக்கிறது. "அம்மா, படம் எப்படிம்மா? ஒரே வார்த்தைல!" என்கிறான் அந்தப் பையன். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சூப்பர்." எனக்குப் படம் பிடிக்கவே இல்லை! பக்கத்தில் நின்ற ரசிகர் கூட்டத்தைப் பார்த்து, கேமராவைப் பார்த்து, வாயில் அதுதான் வந்தது. எனக்குப் பின்னால் வந்தவர் "மொக்கை, காச திருப்பிக் குடுங்க" என்று கத்தினார். அவராவது உண்மையைச் சொன்னாரா? அவரும் கேமராவுக்குத்தான் கத்தினார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் கத்திவிட்டு, "எந்தச் சேனல் தம்பி, எப்ப வரும்?" என்று கேட்டார்.

2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் சங்கம் ஒன்று, தியேட்டர் வளாகத்துக்குள் இந்த மைக்குகளை விடாதீர்கள் என்று தியேட்டர்க்காரர்களைக் கேட்டுக்கொண்டது. 'கங்குவா' வந்து அடிவாங்கிய கையோடு. பிறகு, படம் வந்து மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று உயர் நீதிமன்றம்வரை போனார்கள். டிசம்பரில் நீதிமன்றம் அப்படிப் பொத்தாம்பொதுவாகத் தடைபோட மறுத்துவிட்டது. என் கட்சியைக் கேட்டால், நீதிமன்றம் சொன்னதுதான் சரி. காசு கொடுத்தவன் வாயைக் கட்ட யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் தயாரிப்பாளர்களின் வயிற்றெரிச்சலும் எனக்குப் புரிகிறது. இரண்டு வருஷம் நூற்றுக்கணக்கான பேர் உழைத்ததை, கால் மரத்துப்போன ஒரு பொம்பளை "ஒரே வார்த்தைல" சொல்லி முடித்தால் அவர்களுக்கு எரியத்தானே செய்யும்?

அதே சமயம் அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வாய்தான் படத்தைக் கொன்றது என்கிறார்களே, வாய் உயிர்கொடுத்த படங்கள் எத்தனை! 1980இல் 'ஒரு தலை ராகம்' வந்தது. எல்லாம் புதுமுகங்கள். முதல் சில நாள் தியேட்டரில் ஈ ஓட்டினார்கள். அப்புறம் கல்லூரிப் பையன்கள் ஒருத்தனுக்கு ஒருத்தன் சொல்லிச் சொல்லி, வெள்ளிவிழாவைத் தாண்டி ஓடியது. எங்கள் சித்தப்பா திண்டுக்கல்லில் படித்துக்கொண்டிருந்தவர், அதை எத்தனை தடவை பார்த்தார் என்று அவருக்கே கணக்கில்லை. வாராவாரம் ஊருக்கு வந்து திண்ணையில் அந்தப் பாட்டுகளைப் பாடிப் பாட்டியிடம் திட்டு வாங்கினார். 1999 கடைசியில் வந்த 'சேது'வும் அப்படித்தான். வாங்க ஆளில்லாமல் பெட்டிக்குள் கிடந்த படம். சில தியேட்டர்களில் மட்டும் வந்து, பார்த்தவர்கள் பார்க்காதவர்களைப் பிடித்து இழுத்துப்போய் உட்காரவைத்தார்கள். அன்றைக்கு யாரிடமும் மைக் இல்லை. மூன்று நாள் தடை போட்டிருந்தாலும் அந்தப் படங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஏனென்றால் அந்தப் பேச்சு சூடு பிடித்ததே அதற்கு அப்புறம்தான்.

என் அனுபவத்தில் ஒரு படம் மனசுக்குள் இறங்க மூன்று நாள் ஆகிறது. 2024 செப்டம்பரில் 'லப்பர் பந்து' பார்த்தேன். கிரிக்கெட்டில் எனக்கு எல்.பி.டபிள்யூ.கூடத் தெரியாது. வெளியே வந்ததும் மகன் கேட்டான், "எப்படிம்மா?" "நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். திங்கட்கிழமை காலையில் புளி கரைத்துக்கொண்டிருக்கிறேன், திடீரென்று அந்த யசோதை டிராக்டர் ஓட்டிக்கொண்டு கிரிக்கெட் மைதானத்துக்குள் வருகிற காட்சி கண்முன் வந்து நின்றது. புருஷன் வேலைக்குப் போகாமல் மட்டையைத் தூக்கிக்கொண்டு திரிகிறான். அவள் கத்தவில்லை, அழவில்லை, டிராக்டரை எடுத்துவிட்டாள். எனக்குக் கை புளிக்குள்ளேயே நின்றுவிட்டது. என் வாழ்க்கையில் நான் எடுக்காத டிராக்டர்கள் எத்தனை என்று ஒரு கணக்கு ஓடியது. மகனைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "அந்த சீன்ல எனக்கு அந்தாளு மேலதான் பாவமா இருந்துச்சும்மா" என்றான். ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு படம் பார்த்திருக்கிறோம். சாம்பார் அடிப்பிடித்ததுதான் மிச்சம், ஆனால் அன்றைக்குத்தான் அந்தப் படத்தைப் பற்றிப் பேசினோம்.

அதே வருஷம் பிப்ரவரியில் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' ஞாபகம் இருக்கும். பாதிக்கு மேல் மலையாளம். ஆனாலும் நம் தியேட்டர்களில் கூட்டம் தாங்கவில்லை. என்னிடம் சொன்ன அத்தனை பேரும் ஒரே இடத்தைத்தான் சொன்னார்கள். கொடைக்கானல் குகை, குழி, கயிறு, அப்புறம் 'குணா' பாட்டு. 1991 தீபாவளிக்கு வந்த படம் 'குணா'. 'தளபதி'யும் அதே தீபாவளிதான். அன்றைக்கு ஊரெல்லாம் பேச்சு எதைப் பற்றி இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்திரண்டு வருஷம் கழித்து, பக்கத்து மாநிலத்துப் பையன்கள் அந்தப் பாட்டை எடுத்துக் குழிக்குள் போட்டதும் நம் ஆட்கள் விசில் அடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முதல் நாள் வாசலில் 'குணா'வுக்கு ஸ்டார் போட்டவர் யாராவது இருந்தால், அவர் இன்று என்ன செய்வார்? திருப்பி வாங்கிக்கொள்வாரா?

நேரமாகிவிட்டது என்று நூலகர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அத்தை கதை ஒன்று பாக்கி இருக்கிறது, சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

அந்தத் திண்ணையில் அத்தை சொன்ன படங்களில் ஒன்று எனக்கு உயிர். பெயரைச் சொல்லமாட்டேன், ஸ்பாய்லர்! கடைசியில் கதாநாயகி பிழைத்து எழுந்து, புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் படி இறங்கி வருவாள். அத்தை அந்தப் படிகளை ஒவ்வொன்றாகச் சொல்வாள். பத்து வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் அந்தப் படத்தைப் போட்டார்கள். தெருவே எங்கள் வீட்டில். அத்தையும் வந்திருந்தாள். கடைசிக் காட்சி வந்தது. கதாநாயகி செத்துப்போனாள். கோயிலும் இல்லை, படியும் இல்லை.

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஏன் அத்தை, அன்னைக்கு மாத்திச் சொன்னே?" என்றேன்.

"உங்கம்மா அப்ப உன் தம்பிய வயித்துல வச்சிருந்தாடி, எட்டு மாசம்" என்றாள். "எதிர்ல உக்காந்து பூக் கட்டிக்கிட்டிருந்தா. அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் எப்படிச் சாகடிக்கிறது?"